பூவாளியின் தலை

என் மேசை இழுப்பறையில் ஒரு தகரத் துண்டு கிடக்கிறது. உள்ளங்கை அகலம், வட்ட வடிவம், நடுவில் கொஞ்சம் மேடு, முகமெல்லாம் ஊசித் துளை. பூவாளியின் மூக்கில் மாட்டும் தலை அது. தண்ணீரை மழை மாதிரி சிதற வைப்பதற்காகச் செய்தது. பூவாளி எந்தக் காலத்திலோ துருப்பிடித்துப் போயிருக்கும். அந்தப் பங்களாவும் இப்போது இல்லை; இடித்துவிட்டு அடுக்கு வீடு கட்டிவிட்டார்கள். இந்தத் தகரம் மட்டும் என்னோடு நாலு வீடு மாறி வந்திருக்கிறது. இழுப்பறையைச் சுத்தம் பண்ணும் போதெல்லாம் என் மருமகள் அதைக் கையில் எடுத்து, "மாமா, இதெத் தூக்கிப் போட்டரட்டுங்களா?" என்று கேட்பாள். "வை அங்கேயே" என்று சீறுவேன். பாவம், அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என் கோபமெல்லாம் வேறு ஆட்கள் மேல். அந்த ஆட்களில் முதல் ஆள் நான்தான்.

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, சேலத்தில் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குத் தோட்டத்து ரைட்டர் என்று பேர். எங்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டமும் காடும் ஆடு மாடும் இருந்தன. வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தேறியவன் நான். வெள்ளைக்காரன் பங்களாவில் பையனுக்கு உத்தியோகம் என்று என் அய்யன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எழுத்து வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதிகாரியின் மனைவியான துரைசாணி இங்கிலீஷில் சொல்வதைத் தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் தமிழில் சொல்வதைத் துரைசாணிக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவளுக்குத் தமிழில் 'தண்ணி', 'சீக்கிரம்', 'போ' என்று நாலைந்து வார்த்தைதான் தெரியும். ஆக, அந்தத் தோட்டத்தில் யார் என்ன பேசினாலும் என் நாக்கு வழியாகத்தான் போக வேண்டும். அந்த வயதில் அது எனக்கு எவ்வளவு பெரிய கர்வம் என்பதை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடத் தோன்றுகிறது.

துரைசாணிக்கு உயிர் சால்வியா. கம்பங்கதிர் மாதிரி நிமிர்ந்து, அடி முதல் நுனி வரை சிவப்பாகப் பூக்கும் செடி. இலையைக் கசக்கினால் கற்பூரவல்லிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு வாசனை வரும். வாசலிலிருந்து போர்ட்டிகோ வரைக்கும் வண்டிப் பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக அதை வைத்திருந்தாள். சீமையிலிருந்து வந்த விதை. கூடவே சீமைப் புத்தகம் ஒன்றும் வந்திருந்தது. அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தால் அது வேதம். இந்த ஊர் வெயிலும் இந்த ஊர்ப் பனியும் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டா வருகின்றன? அந்த வருஷம் மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு நாலு நாள் முந்தி, மதராசிலிருந்து பெரிய துரை ஒருவர் குடும்பத்தோடு விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பாதையின் இரண்டு பக்கமும் நெருப்புப் பிடித்தது போலச் சிவக்க வேண்டும் என்று ஐப்பசியிலேயே சொல்லிவிட்டாள்.

அந்தச் செடிகளை வளர்த்தது ஒரு அம்மா. எங்கள் ஊர்க்காரர். எங்கள் பண்ணையிலேயே வேலை செய்த குடும்பம். அவருடைய மாமியாரும், மாமியாருடைய மாமியாரும் எங்கள் காட்டில் களை எடுத்து, எங்கள் பட்டியில் சாணி அள்ளியவர்கள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு, ஒரு நாள் விடியற்காலம் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சேலத்துக்கு நடந்தே வந்துவிட்டார். பங்களாவில் களை பிடுங்கச் சேர்ந்து, செடிகளின் மேல் இருந்த கவனத்தால் இரண்டு வருஷத்தில் தோட்டத்துக்கே பொறுப்பாகிவிட்டார். தோட்டத்துக் கோடியில் குதிரை லாயத்தை ஒட்டி ஒரு அறை கொடுத்திருந்தார்கள். மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்தது. அந்த அறையும் அந்தப் பள்ளிக்கூடமும்தான் அந்த அம்மாவுக்கு இருந்த சொத்து. வேலை போனால் இரண்டும் போகும். திரும்ப எங்கள் பண்ணைதான்.

நான் வேலைக்கு வந்த முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "சாமி, நான் இங்க இருக்கறதெ பெரிய பண்ணாடிகிட்டச் சொல்லிப்போடாதீங்க. புள்ள ரண்டெழுத்துப் படிச்சுக்கட்டுங்க" என்றார். நான் சொல்லவில்லை என்று பெருமை பேச வழியில்லை. பெரிய பண்ணாடி என்று அவர் சொன்னது பண்ணைக்காரரான என் அய்யனை; அந்த வாரமே அவருக்குக் கடுதாசியில் எழுதிவிட்டேன். "இருக்கட்டும், எங்கே போயிருவா, திரும்ப இங்கதான் வரோணும்" என்று பதில் வந்தது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் அவர். நான் அவரை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைச் சாமி என்பார். துரைசாணியை நாங்கள் எல்லோரும் 'அவங்க' என்போம், இந்த அம்மாவை 'அவ' என்போம். எழுதுகிறவன் நான் என்பதால் இங்கே அதை மாற்றி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

பூச்சி பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. பூவைப் பார்க்கவே மாட்டார். இலையின் அடியைத்தான் பார்ப்பார். விடிந்ததும் வரிசை வரிசையாகக் குந்திக்கொண்டே போய், செடிக்கு ரெண்டு இலை திருப்பிப் பார்ப்பார். தண்டில் எறும்பு ஏறினால் அதன் பின்னாலேயே கண் போகும். நுனிக் கொழுந்தில் பச்சைப் பேன் அடைந்து பிசுபிசுவென்று இருக்கும். முதலில் விரலால் வழித்து நசுக்குவார். அதற்கும் மிஞ்சினால் புகையிலைக் காம்பை ராத்திரி ஊறப் போட்டு, காலையில் வடிகட்டி, சோப்புச் சீவலைக் கரைத்து, ஒரே ஒரு செடியில் தெளித்துவிட்டு மறுநாள் வரைக்கும் காத்திருப்பார். இலை கருகாவிட்டால்தான் மற்றச் செடிக்கு. செடியை ஆட்டினால் மாவு பறப்பது போல வெள்ளை ஈ எழும்பும்; அதற்கும் இதே தண்ணீர்தான், ஆனால் இலையின் அடியில் படுகிற மாதிரி கீழிருந்து மேலாக. கணுவில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். மழை விட்ட மறுநாள் நத்தை பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போடுவார். நோய் கண்ட இலையைக் கிள்ளினால் குப்பையில் போட மாட்டார். சட்டியில் சேர்த்துக் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிட்டு, கையைக் கழுவிய பிறகுதான் அடுத்த செடியைத் தொடுவார். இதெல்லாம் அந்தச் சீமைப் புத்தகத்திலும் அங்கங்கே இருந்தது. துரைசாணி படித்துக் காட்டுவாள்; நான் தமிழில் சொல்வேன்; அந்த அம்மா "ஆமாங்க" என்பார். தெரியும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இனிமேல்தான் கிணற்றுக்கு வர வேண்டும். பங்களாவில் ஒரே கிணறு. தண்ணீர் இறைக்க ஒரு ஆள் இருந்தார். தண்ணிக்காரர் என்போம், அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். சமையலுக்கும் குளிப்பதற்கும் குதிரைக்கும் அவர்தான் இறைப்பார். அந்த அம்மா கிணற்று மேட்டில் ஏறக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் உத்தரவு போடவில்லை. அது அப்படித்தான், சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. தண்ணிக்காரர் மேட்டில் இருந்து வாய்க்காலில் கொட்டுவார்; அது ஓடி வந்து கீழே ஒரு தொட்டியில் விழும்; அந்த அம்மா அங்கிருந்து மொண்டு செடிக்கு ஊற்றுவார். பங்களா வேலையெல்லாம் முடித்துத் தண்ணிக்காரர் தொட்டிக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். மீந்த தண்ணீரைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கொசு வந்து காய்ச்சல் வரும் என்று, பொழுது அடங்கினால் எந்தத் தொட்டியிலும் சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது துரைசாணியின் கட்டளை. அதற்கு மேல், ரோட்டுச் செம்மண் புழுதி இலையில் படிவதால் பூவாளித் தலையை மாட்டி, மழை மாதிரி செடியின் தலையிலேயே ஊற்ற வேண்டும் என்றும் கட்டளை. ஒரு பக்கம் அவளுடைய புத்தகம், இன்னொரு பக்கம் எங்களுடைய கிணறு. இரண்டுக்கும் நடுவில் அந்தச் செடி.

கார்த்திகை வரைக்கும் தாக்குப்பிடித்தது. பனி இறங்கியதும் போர்ட்டிகோவை ஒட்டிய செடிகளில் இலை மேல் மஞ்சள் திட்டு விழுந்தது. அந்த அம்மா இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் சாம்பல் பூசினது போல ஒரு பூஞ்சை. ரெண்டு நாளில் இலை சுருண்டது, நாலு நாளில் உதிர்ந்தது. பத்தாம் நாள் அந்தக் கோடியில் குச்சிதான் நின்றது.

"சாமி, இது பூச்சி இல்லீங்க. ஈரம். பொழுது சாஞ்சு எலை மேல ஊத்துற தண்ணி, ராத்திரிப் பனி வேற, வெயில் வந்தாத்தான காயும்? வெடியால தண்ணி கெடைச்சா உச்சிக்குள்ள காஞ்சு போயிருங்க. தண்ணிக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சாமி."

நான் தண்ணிக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் கயிற்றைக்கூட விடாமல் சொன்னார்: "அவளுக்கோசரம் நான் கோழி கூப்புட எந்திரிச்சு எறைக்கோணுமாக்கும்? போங்க தம்பி, வேற வேல இல்லீங்களா?" நான் திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

மறுநாள் அந்த அம்மா இன்னொரு வழி சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது. துரைசாணியிடம் சொல்லி, அவரே விடிகாலையில் இரண்டு வாளி இறைத்துக்கொள்ள உத்தரவு வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். கேட்டால் துரைசாணி உடனே சரி என்பாள். அவளுக்கு யார் இறைத்தால் என்ன. அதுதான் என் பயமே. சரி என்று அவள் சொல்லிவிட்டால் அந்த அம்மா கயிற்றைத் தொடுவார். பிறகு அந்தத் தண்ணீரை நான் குடிக்க வேண்டும். தண்ணிக்காரரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "அவளெ மேட்டுல ஏத்துனா அந்தத் தண்ணியெ நீங்க குடிப்பீங்களா தம்பி? ஊருக்குத் தெரிஞ்சா உங்கய்யன் உங்களெ ஊட்டுக்குள்ள உடுவாரா?" என்றார். பத்தாவது தேறியவன், இங்கிலீஷ் பேசுகிறவன், உள்ளே அதே பயந்தாங்கொள்ளிதான். நான் துரைசாணியிடம் கேட்கவில்லை. கேட்டதாக அந்த அம்மாவிடம் பொய்யும் சொன்னேன். "அவங்க முடியாதுன்னுட்டாங்க" என்றேன். அந்தச் செடிக்கு வந்தது ஈரத்தால் வந்த நோய். எங்களுக்கு இருந்ததற்கு என்ன பேர் என்று சொல்ல எனக்கு மரியாதையான வார்த்தை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். பூவாளியின் தலையைக் கழற்றி எடுத்துவிட்டார். வெறும் மூக்கோடு செடியின் அடியில், இலையில் ஒரு சொட்டுப் படாமல், குனிந்து குனிந்து ஊற்றினார். தண்ணீர் விழுகிற வேகத்தில் மண் அரிக்காமல் இருக்க ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு ஓட்டுச் சில்லை வைத்தார். பூவாளி பக்கத்தில் தலை கிடந்தால் யாராவது மாட்டிவிடுவார்கள் என்று அதை முந்தானையில் முடிந்து தன் அறையில் வைத்துக்கொண்டார். மேற்குப் பக்கத்து வரிசையில்தான் இதை முதலில் ஆரம்பித்தார். அது வராந்தாவிலிருந்து பார்த்தால் புங்க மரத்துக்குப் பின்னால் இருக்கும். கிழக்கு வரிசை துரைசாணியின் கண் முன்னால் இருந்ததால், அங்கே மட்டும் தலையை மாட்டி அவள் சொன்னபடியே ஊற்றினார். எட்டே நாள். கிழக்கு வரிசை மொட்டையாகிக்கொண்டே வந்தது. மேற்கு வரிசையில் புது இலை விட்டு, நுனியில் கதிர் கட்டியது. என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

"எலையெத் திருப்பிப் பாருங்க சாமி."

திருப்பிப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று இருந்தது. "நல்லாத்தான் இருக்குது" என்றேன். தகரத் தலையையும் மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். "இத இப்பிடிக் கழட்டி வெச்சிருக்கறேனுங்க. ஆராச்சும் கேட்டா நீங்க சொல்லிக்குங்க." நான் தலையாட்டினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, தலையாட்டினேன்.

மார்கழி பிறந்த மறுநாள் துரைசாணி நடந்துகொண்டே மேற்கு வரிசைப் பக்கம் போய்விட்டாள். பச்சை இலை அவள் கண்ணில் படவில்லை. இலை மேல் இருந்த புழுதியும், தூரில் கிடந்த ஓட்டுச் சில்லும், தலையில்லாத பூவாளியும்தான் பட்டன. தலை எங்கே என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தண்ணிக்காரர் லாயத்துப் பக்கம் கையைக் காட்டினார். அறையில் துணி மூட்டைக்குள் இருந்தது. அதைக் கொண்டுவந்து துரைசாணி கையில் கொடுத்தார்கள். புத்தம் புதுப் பூவாளி, சீமைச் சாமான், தகரக் கடையில் அந்தத் தலைக்கு நல்ல கிராக்கி என்று தண்ணிக்காரர் தமிழில் சொல்ல, நான் அதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அதை மட்டும் நன்றாகச் சொன்னேன்.

துரைசாணி அந்த அம்மாவைப் பார்த்து ஏன் எடுத்தாய் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். அந்த அம்மா அழவில்லை, காலில் விழவில்லை. துரைசாணியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"சாமி, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. நான் திருடலீங்க. தலையெ மாட்டி ஊத்துனா எலை மேல தண்ணி நிக்குதுங்க. அந்த ஈரத்துலதான் அடியில சாம்பல் பூக்குது. வெடியால தண்ணி குடுங்க, தலையெ மாட்டியே ஊத்தறேன். கெணத்துக் கவுறு தொட எனக்கு வழியில்லீங்க. தொட்டியில ராத்திரிக்குத் தண்ணி நிக்கப்படாதுன்னு அந்தம்மாவே சொல்லிப்போட்டாங்க. பின்ன நான் என்ன பண்ணட்டுங்க? ரண்டு வரிசையும் இருக்குது. இந்த எலை ஒண்ணு, அந்த எலை ஒண்ணு, திருப்பிப் பாக்கச் சொல்லுங்க சாமி, போதும்."

துரைசாணி என் பக்கம் திரும்பினாள். தண்ணிக்காரரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா சொன்னதில் பாதியைச் சொன்னால் போதும், கிணற்றுச் சமாச்சாரம் வெளியே வந்துவிடும். இது நியாயமா, உனக்கும் தெரியுமா, நீ ஏன் சொல்லவில்லை என்று கேள்வி என் மேல் வரும். நான் சொன்னேன்: "தெரியாமல் செய்துவிட்டாளாம். மன்னிக்கச் சொல்கிறாள்."

துரைசாணி அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்வளவு நேரம் பேசினாளே, இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான்" என்றேன்.

அந்தக் கேள்விக்காக மட்டும் துரைசாணியை நான் கொஞ்சம் மன்னிக்கிறேன். அவளாவது கேட்டாள். இனிமேல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று அடுத்தபடி கேட்டாள். நானே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், புத்தகத்தில் உள்ளபடி தினமும் இலையைக் கழுவி ஊற்றுகிறேன், விருந்து நாளைக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நீளமாகப் பேசினேன். அத்தனை நேரமும் அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் துரைசாணி தனக்குத் தெரிந்த தமிழில் "போ" என்றாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் அறையைக் காலி பண்ணச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் விட்டு மகள் வரும் வரைக்கும் வாசலுக்கு வெளியே, ரோட்டோரம் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே, பூவாளிக்குத் தலையைத் திருகி மாட்டிக்கொண்டிருந்தேன். திருட்டுப் பட்டம் கட்டி விரட்டியவரை அஸ்தம்பட்டியில் வேறு எந்தப் பங்களாவும் சேர்க்கவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் மேற்கு வரிசையின் தலையில் மழை மாதிரி ஊற்றினேன். புழுதியெல்லாம் போய்ச் செடி பளபளவென்று ஆனது. துரைசாணி கை தட்டினாள். ஒன்பதாம் நாள் அந்த வரிசையிலும் மஞ்சள் திட்டு விழுந்தது. கந்தகத் தூள் போட்டோம், சுண்ணாம்பும் மயில்துத்தமும் கரைத்து அடித்தோம். பொழுதுக்குப் பொழுது இலையை நனைத்துக்கொண்டே மருந்தடித்தால் எந்த மருந்து நிற்கும்? பெரிய துரை வந்து இறங்கிய அன்று பாதையின் இரண்டு பக்கமும் வெறும் குச்சி. அதை மறைக்க எங்கிருந்தோ குரோட்டன்ஸ் தொட்டிகளை வண்டி வைத்துக் கொண்டுவந்து அடுக்கினோம். என்னதான் ஆயிற்று என்று துரைசாணி கேட்டபோது, போனவள் எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒரு பாவம் என்றால் இதை என்னவென்று சொல்வது?

பொங்கல் நோம்பிக்கு ஊருக்குப் போனேன். பட்டிப் பொங்கலன்று சாயங்காலம் ஆடுகள் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. எல்லாம் சிவந்த மேச்சேரி ஆடுகள். பட்டி வாசலில் ஒரு சின்னப் பெண் குச்சியோடு நின்று, உள்ளே நுழைகிற ஒவ்வொரு ஆட்டையும் 'ஒன், டூ, திரீ' என்று எண்ணிக்கொண்டிருந்தது. இருபதுக்கு மேல் அதற்குத் தெரியவில்லை; மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. பண்ணையாட்கள் சிரித்தார்கள். என் அய்யன், "பாருடா, நம்ம ஆட்டுக்கெல்லாம் இங்கிலீசு சொல்லிக் குடுக்குது" என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் அவரை அவர் சாகும் வரைக்கும் மன்னிக்கவில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது, ஏனென்றால் அன்றைக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அந்த அம்மா சாணிக் கூடையோடு வந்தார். என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிப் போய்விடப் பார்த்தேன்.

"சாமி, நல்லா இருக்கீங்களா? செடி பொளச்சுதுங்களா?"

"பொளச்சுது" என்றேன்.

"மேல தண்ணி ஊத்தலீங்களே?"

"இல்லெ."

அவர் முகம் மலர்ந்தது. "அது போதுங்க. அன்னைக்கி எனக்கோசரம் அந்தம்மாகிட்ட அத்தன நேரம் இங்கிலீசுல எடுத்துச் சொன்னீங்க. நான் பாத்துக்கிட்டேதான நின்னேன். அந்தம்மா மனசு எறங்கல, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. நீங்க நல்லா இருக்கோணும் சாமி." கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

நான் பங்களா வேலையை விட்டேன். மனசாட்சி உறுத்தி விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம், துரைக்கு மாற்றலாகிவிட்டது. வரும்போது பூவாளியின் தலையைக் கழற்றி என் பெட்டியில் போட்டுக்கொண்டேன். பிறகு சர்க்கார் விவசாய இலாகாவில் வேலை கிடைத்து, முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்ச் செடி நோய்க்கு யோசனை சொன்னேன். 'இலையின் அடியைப் பார். பொழுது சாய்ந்த பிறகு இலையை நனைக்காதே. நோய் கண்ட இலையைக் குப்பையில் போடாதே, எரி. மருந்தை முதலில் ஒரு செடியில் அடித்துப் பார்.' துண்டுப் பிரசுரத்தில் என் பேர் போட்டே வந்தது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, மண்ணின் மைந்தர், அனுபவ ஞானி என்றெல்லாம் பேசினார்கள். யாரிடம் கற்றீர்கள் என்று ஒருவர் மேடையிலேயே கேட்டார். எல்லாம் அனுபவம்தான் என்றேன். அங்கே என்னைத் தடுக்கக் கிணறும் இல்லை, அய்யனும் இல்லை, தண்ணிக்காரரும் இல்லை. அந்த அம்மா எப்போதோ எங்கள் பண்ணையிலேயே செத்துப்போயிருந்தார். மகளுக்கு இருபதுக்கு மேல் எண்ணத் தெரிந்ததா என்று நான் விசாரிக்கவே இல்லை.

இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் மருமகள் நர்சரியிலிருந்து நாலு தொட்டி சால்வியா வாங்கி வந்து மாடியில் வைத்தாள். அதே சிவப்பு. பச்சைப் பிளாஸ்டிக் பூவாளி ஒன்றும் கூடவே வந்தது. நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் பேத்தி அதைத் தூக்கிச் செடியின் தலையில் ஜோவென்று ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழந்தை கையிலிருந்து பூவாளியைப் பிடுங்கிவிட்டேன். தலையைத் திருகிக் கழற்றி, கீழே வந்து, இழுப்பறையில் அந்தத் தகரத்துக்குப் பக்கத்தில் போட்டு மூடினேன். பேத்தி அழுதுகொண்டே ஓடி வந்தாள். மருமகள் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அழுகாத சாமி, தாத்தா நல்லதுக்குத்தான் எடுத்து வெச்சிருக்காரு, அவருக்குச் செடியப் பத்தித் தெரியாததா?" என்று குழந்தையைச் சமாதானம் செய்தாள். இரவு சாப்பிடும்போது என் மகன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். என்னைத் திருடன் என்று ஒருவரும் சொல்லவில்லை.